இரைச்சல் நீக்கம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மட்டத்தில்
இரண்டாம் மாடி. ஞானதாஸ் ரூஃபிங்ஸ்.
சன்னலைத் திறந்தால்
மேசைக்கு நேராகப் பஸ் சக்கரங்கள் போகும்.

எனக்கு இட்ட வேலை இது:
பேச்சைப் பிடித்துவைக்கும் கருவி ஒரு வீடு,
விற்பனைக் கணக்கு மென்பொருள் ஒரு வீடு,
இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க வேண்டும்.
பெண் வீட்டுக்கு எண்ணின் முன்னால்
கூட்டல் குறியும் தொண்ணூற்றொன்றும் வேண்டும்.
மாப்பிள்ளை வீட்டுக்கு வெறும் பூஜ்யம் போதும்.
அந்தப் பூஜ்யத்தால்
எண்ணூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள்
மூன்று நாள் ஆளில்லாமல் கிடந்தன,
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி.

நாலாம் நாள் ஒட்டிக்கொண்டது.
கருங்கல், மேல்புறம், திருவட்டாறு, கொல்லங்கோடு.
பெயர்களுக்கு அடியில் அவரவர் குரல் போய் உட்கார்ந்தது.
குரலுக்குப் பக்கத்தில் மதிப்பெண்.

பிறைசிலின் பெயரில் மட்டும் ஒரு சிவப்புக் கட்டம்:
அழைப்பு ஆறு நிமிடம் பத்து விநாடி.
மௌனம் நாலு நிமிடம்.
பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது.

ஞானதாஸ் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது அருமனை ஷாஜனுக்க ஆர்டர் இல்லியா?
வீடும், முன்னால உள்ள கடையளும் சேத்து.
நாலு நிமிசம் வாயே தொறக்காம
எப்படி பிள்ளே வித்த?"

போட்டுக் கேட்டோம்.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்றாள் ஒருத்தி,
இந்த மாவட்டத்தில் யாரும் பேசாத தமிழில்.
பிறகு தோஹாவிலிருந்து அவன்:
"வெலையெல்லாம் செரி. மழை பெஞ்சா இரையுமே.
எனக்க பிள்ளைக்கு எட்டு மாசம்.
ஒரு கரண்டி விழுந்தா முழிச்சிரும்."
"லைன்லயே நில்லுங்க சார்."

அதன்பின் ஒன்றும் இல்லை.
கதவு இல்லை, படி இல்லை, அவள் செருப்பு இல்லை.
துடைத்த சிலேட்டு நாலு நிமிடம் ஓடியது.
மூவரும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"கேட்டியளா சார்?"
"கேட்டேன். கடைசியா பிடிச்சது எது?"
"அடியில நுரை ஒட்டினது."
"அதையே போடுங்க."

பிறைசிலின் நகத்தைப் பார்த்தபடி சொன்னாள்:
"மொட்டைமாடியில சாம்பிள் மூணும் சாச்சு வச்சிருக்கில்லா,
அண்ணைக்குப் பேய்மழை.
ஒவ்வொண்ணுக்கும் அடியில போய் இருந்து
போனைப் பொத்தாம பிடிச்சேன்.
மொதல் ஷீட்டு அடிச்சு நொறுக்கிச்சு.
ரெண்டாமத்தது கொஞ்சம் பரவாயில்ல.
மூணாவது,
பக்கத்து வீட்டுல சோறு வடிக்கிய மாதிரி.
எனக்க போன்தான் ரெண்டு நாள் சார்ஜ் ஏறல்ல."

அமைப்புகளில் நாலாம் பக்கம், அடியில்,
ஒரு சின்னப் பெட்டி: இரைச்சல் நீக்கம்.
டிக் போட்டது நான்.
கருவி பொருத்திய அன்று, ரெண்டு மாதம் முன்,
பஸ்களை நினைத்து.
மூல ஒலி முப்பது நாளில் அழிந்துபோகும்.
மழை பெய்து முப்பத்தி நாலு.

டிக்கை எடுத்தேன்.
இனி எல்லா அழைப்பிலும்
மேம்பாலம் ஏறும், மீன் வண்டி ஹாரன் அடிக்கும்,
மின்விசிறியின் கறகறப்பு விலை சொல்லும்போது குறுக்கே வரும்.
அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
சிவப்புக் கட்டத்தை மட்டும்
விரலால் துடைத்துப் பார்த்தார், திரையில்.

காலியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது.
வாங்கியதன் காரணம்:
விலை, தரம், தவணை, பிற.
பிறைசிலின் 'பிற'வைத் தொட்டு
மழையைக் காட்டினேன் என்று தட்டினாள்.
மென்பொருள் ஏற்றுக்கொண்டது.
அடுத்து எப்போது அழைப்பீர்கள் என்று கேட்டது.

ஐப்பசி, என்றாள்.
அது எண்களை மட்டும்தான் வாங்கும்.
பதினெட்டு, பத்து
என்று நான் போட்டுக்கொடுத்தேன்.